எல்லைக்கோட்டில் நின்றவன்

மாவட்ட கிரிக்கெட் அணிக்கு ஆள் தேடுவது என் வேலை. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், எல்லைக்கோட்டில் ஒருவன் பறந்து பறந்து பந்து பிடிக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பெயர் தினேஷ், பத்தொன்பது வயது. கேள்விப்பட்டது பொய்யில்லை.

ஆட்டத்தின் நடுவில் வானம் இருண்டு மழை கொட்டியது. மின்னல் வெட்டியதும் எல்லோரும் நான் நின்றிருந்த ஷெட்டுக்குள் ஓடி வந்துவிட்டார்கள். தினேஷ் மட்டும் வெட்டவெளியில் நின்றான். வா என்று கையசைத்தேன். இடம் மாறி நிற்கச் சொல்கிறேன் என்று நினைத்து, நாலு எட்டு முன்னால் வந்து, மறுபடி குனிந்து தயாராக நின்றான். அவனுக்குப் பின்னால், மைதானத்துக்கு வெளியே இருந்த பனைமரத்தில் இடி விழுந்து தீப்பிடித்தது. கத்தினேன், மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பக்கத்தில் நின்ற அவனுடைய கேப்டன் சொன்னான்: "நீங்க பாத்துக்கினு இருக்கீங்கல்ல சார், அதான் வரமாட்டேன்றான்."

சட்டென்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மழையிலேயே என் வண்டியை நோக்கி நடந்தேன். திரும்பிப் பார்க்க மனம் துடித்தது, பார்க்கவில்லை. இன்னொரு இடி இடித்தபோது கண்களை இறுக மூடிக்கொண்டேன். பிறகு, சேற்றில் யாரோ ஓடிவரும் சத்தம்.

"சார், கெளம்பிட்டீங்களா? நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

இடிக்கு நடுங்காதவன், நான் போய்விடுவேனோ என்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவனை அன்றே தேர்வு செய்துவிட்டேன். ஆனால் பனைமரத்தில் பற்றிய தீயைவிட, என் பார்வை ஒருவனை எங்கே நிற்க வைக்கும் என்பதுதான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.