பணிஸுக்குள் மீன் திரும்பி வந்த நாள்

இது சென்ற வருட மாரி காலத்தில் யாழ்ப்பாணத்து மண்டைதீவில் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடுதான் என் தம்பியின் வீடு. கடற்தொழிலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளம் மட்டும் வெறுமையாகக் கரையொதுங்கியது. பல நாட்கள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

கடலில் போனவரின் உடல் கிடைக்கும்வரை, அல்லது அவருக்காகத் தேவாலயத்தில் ஆத்ம சாந்திப் பூசை வைக்கும்வரை, எங்கள் பகுதியில் அந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை. தம்பியின் மனைவி எனக்கு மச்சாள்; புருஷனின் அக்காவான என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அது சோறு கறியோடு முடிகிற விஷயமில்லை. வீட்டில் மீன் கறியை உள்ளே வைத்த பன்னான மீன் பணிஸ் செய்து தேநீர்க் கடைகளுக்குக் கொடுத்துத்தான் அவர் உழைத்து வந்தார். மீனுக்குப் பதிலாக உருளைக்கிழங்குக் கறியை வைத்து, மாவை முக்கோணமாக மடித்து, மேலே முட்டை பூசி அவண் அடுப்பில் வைக்கத் தொடங்கினார்.

"கிழங்குப் பணிஸை ஆரக்கா வாங்கினம்? கடையிலை இருந்து நான்தான் திண்டு முடிக்கிறன்" என்றார் கடைக்காரர். மச்சாள் சிரிக்கவுமில்லை, கிழங்கை மாற்றவுமில்லை.

எனக்கு எதையும் அரைகுறையாக விட்டால் பொறுக்காது. ஒருநாள் நானாகவே போய்ச் சுவாமியாரிடம் பூசைக்குக் கேட்டுவிட்டு வந்து சொன்னேன். மா குழைத்துக்கொண்டிருந்த மச்சாளின் கை நின்றது.

"ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?"

"எத்தினை நாளைக்கு மச்சாள் இப்பிடி? மனசைத் தேத்தும்."

"உங்கடை தம்பி செத்திட்டான் எண்டால் நீங்கள் பூசை வையுங்கோ. என்ரை மனுசன் சாகேல்லை."

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. அவணில் பணிஸ் வேகும் வாசம் மட்டும் வேலி தாண்டி வரும்.

மாரி முடிந்த பிறகு, ஒரு காலையில் மச்சாள் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார்.

"மச்சாள், கரைக்குப் போய் ஒரு பாரை மீன் வாங்கியந்து தாறியளோ? எனக்கு அங்கை போக ஏலாது."

நான் மீன் பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"பூசைக்கு வாற சனத்துக்குப் பணிஸ் குடுக்க வேணும். சுவாமியாரோடை கதைச்சிட்டன்" என்றார்.

மீனை அவித்து, முள் எடுத்து, வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டியதெல்லாம் அவர்தான். மடிக்கும் வேலை எனக்கு. ஓரங்கள் சரியாக ஒட்டவில்லை.

"ஓரத்தை நல்லா அமத்துங்கோ மச்சாள். வெடிச்சால் உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் வெளியிலை வந்திடும்."

முதல் தட்டு வெந்து வந்ததும் ஒன்றைப் பிய்த்தார். ஊதி ஊதி ஒரு பாதியைச் சாப்பிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் நிறுத்தாமல் மென்றார். மற்றப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ."

வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. குசினியை விட்டு ஓடிப்போய்ப் பின்வளவில் இருந்து, தம்பி போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்தார். மா ஒட்டிய கையால் என் முதுகைத் தடவினாரே தவிர, ஒரு ஆறுதல் வார்த்தையும் சொல்லவில்லை.

இப்போதும் செத்த வீடுகளுக்குப் போனால் யாரிடமும் மனதைத் தேற்றச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மச்சாள் அத்தனை நாளும் தம்பியை உயிரோடு வைத்திருந்தது எனக்காகவும்தான் என்பது, அவர் அவனை விட்டுக்கொடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.