சீனியைக் கூப்பிட்ட குரல்

என் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் வளர்த்த கிழட்டுப் பூனை சீனி சாப்பாட்டைத் தொடுவதையே விட்டுவிட்டது. அதற்குச் சிறுநீரக வருத்தம், கண்ணும் மங்கல். மிருக வைத்தியர் சொன்னபடி உப்பில்லாமல் மீன் அவித்து, முள் எடுத்துப் பிசைந்து வைப்பேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இதுவும் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு மத்தியானம் வாவிக் காற்று அடங்கி, வீடு அசைவற்றுக் கிடந்தது. சீனி திடீரென்று காதை நிமிர்த்தி எழுந்தது. பின்கதவுக்கு அப்பால் என் கணவரின் குரல்.

"சீனி, இஞ்ச வா மனே! தின்னு மனே!"

நான் இருந்த இடத்தை விட்டு எழுந்தேன். பூனையோ தட்டில் முகம் புதைத்துத் தின்னத் தொடங்கியது.

கதவைத் திறந்தேன். மண்டூரில் மகள் வீட்டில் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்த பக்கத்து வீட்டு அக்கா, வேலியோரம் தன் கிளிக்கூட்டைக் கொழுவிக்கொண்டு நின்றார்.

"பயந்திட்டியா புள்ள? உன்ட மனுசன் பூனையக் கூப்பிடுறதக் கேட்டுக் கேட்டு இந்தக் கிளி அப்பிடியே சொல்லப் பழகியிருக்கு. கூட்ட உள்ளுக்கு வைக்கட்டா?"

"வேணாம் அக்கா. இதிலயே இருக்கட்டும்" என்றேன்.

சீனி இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறது. கிளி கூப்பிடும் நேரம் பார்த்து நானும் என் சோற்றுத் தட்டோடு பின்கதவடியில் போய் உட்காருகிறேன். அது கிளிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலிப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.