தொப்புள் காசு

சூசை மாமா, நீங்கள் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஊருக்குச் சொல்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. இண்டூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் தர்மபுரிக்குப் போய் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். ஓட்டை அண்டா, குடத்தோடு பழைய செப்புக் காசுகளும் உருக்குவதற்காக அங்கே வரும். நயா பைசா வந்தபிறகு அதையெல்லாம் யார் வாங்குவார்கள்? நடுவில் கேடயமும் அதன் இரண்டு பக்கமும் சிங்கமும் நிற்கிற வெள்ளைக்காரக் கம்பெனிக் காசு வந்தால் மட்டும், அதே எடைக்கு வேறு செம்பைப் போட்டுவிட்டு மாமா எடுத்து வருவார். ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்திருந்தார். எனக்கு எல்லாம் ஒரே காசாகத்தான் தெரியும். இல்லை என்பார். ஒன்றில் எழுத்து குண்டாக இருக்குமாம், இன்னொன்றில் சிங்கம் பிடித்திருக்கிற கொடி நீளமாக இருக்குமாம். அப்படி மாறி வந்த காசு கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறே இறங்காது.

எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்குத் தொப்புள் துருத்திக்கொண்டிருந்தால், அதன்மேல் செப்புக் காசை வைத்துத் துணியால் கட்டுவார்கள். தொப்புள் அமுங்கும்வரை அந்தக் காசை மாற்றக் கூடாது. வேறு கைக்கும் போகக் கூடாது. மாமாவுக்கு வினை இங்கேதான் வந்தது. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் போய் நிற்பார். காசைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்பார்.

"உங்க தம்பி பொண்ணு பாக்கற வயசுல எங்கூட்டுக் கொழந்த தொப்புளப் பாத்துக்கிட்டு நிக்கறாருங்க," என்று அம்மாவிடம் சொன்னாள் பக்கத்து வீட்டு அக்கா. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த அக்காவின் குழந்தைக்கு வயிற்றால் போனது. அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. தொப்புள் காசை வைத்துச் செய்வினை செய்வார்கள் என்று பேச்சு கிளம்பியது. நாம் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், இதையெல்லாம் நம்பக் கூடாது என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, மாமா வருகிற நேரம், அப்போது கைக்குழந்தையாக இருந்த என் தம்பியின் வயிற்றுத் துணியை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள்.

தம்பிக்குக் கட்டியிருந்தது அப்பா வழியில் வந்த காசு. மாமா அதை ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அம்மா தரவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இரு என்று எனக்கு வேலை கொடுத்தாள். எனக்கு எட்டு வயது. பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. மாமா இருமினால்கூட எட்டிப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா தொட்டிலில் குனிந்து துணியை அவிழ்த்தார். மடியிலிருந்து இன்னொரு காசை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்று துணியைக் கட்டினார். கையிலிருந்த காசை டப்பாவில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

மத்தியானம் தம்பிக்கு உடம்பு கொதித்தது. சில நாளுக்கு முன்னால் அம்மை குத்திய இடம் கையில் புண்ணாக வீங்கியிருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"மாமா காச மாத்துனானா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

அம்மா டப்பாவைக் கொண்டுபோய்த் துவைக்கிற கல்லில் கவிழ்த்தாள். தம்பி வயிற்றிலிருந்த காசையும் அவிழ்த்து வந்து, கலந்துவிடாமல் ஓரமாக வைத்தாள். எதில் என்ன ஏவி வைத்திருக்கிறானோ என்று புளியும் செங்கல் பொடியும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நானும் உட்கார்ந்து தேய்த்தேன். கறுத்துக் கிடந்த காசெல்லாம் பளபளவென்று வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மா மாதா கோவில் தீர்த்தத்தை வேறு தெளித்தாள்.

சாயங்காலம் மாமா வந்ததும் அப்பா சட்டையைப் பிடித்துவிட்டார். மாமா அம்மாவைத்தான் பார்த்தார்.

"ஒப்பிட்டுத்தாங்க்கா பாத்தேன். மாத்தல. என் காசுல கொடி சிங்கத்துத் தலையத் தொடும். உங்கூட்டுக் காசுல தொடாது. அவுத்துப் பாருக்கா, தெரியும்."

அம்மா தம்பியின் காசை எடுத்து நீட்டினாள். மாமா அதை விளக்கடியில் பிடித்தார். அதில் கொடியே இல்லை. டப்பாவைத் திறந்தார். முன்னமே தேய்ந்த காசுகள், மிச்சமிருந்ததும் செங்கல் பொடியில் போயிருந்தது. எதிலும் கொடி இல்லை. சில சிங்கங்களுக்கு முகம்கூட இல்லை.

"சரிக்கா," என்றார். டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. மாமா போனதால்தான் விட்டது என்று ஊர் சொன்னது. பாலக்கோட்டில் வேலை தேடிக்கொண்டார். கல்யாணம், சாவு என்றால் வருவார். சாப்பிடாமல் போய்விடுவார். காசு சேர்ப்பதை விடவில்லை என்று கேள்வி. எங்களிடம் காட்டியதில்லை. அடக்கத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நான்கு பேர்தான் வந்தார்கள்.

காசை மாற்றினாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பார்த்தது அவர் முதுகை. அம்மா கேட்டபோது 'அத நான் பாக்கல' என்றும் பதில் சொல்லலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்று விளக்கு வைக்கும்போது சூசை என்ற பேரை ஒரு தரம் சொல்லி, அவர் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.