சும்மா மிதக்கக் கற்றுத் தருபவள்

என் தங்கைக்கு வயது நாற்பத்தொன்று. நகரத்துப் பொது நீச்சல் குளத்தில் பதினாறு வருடங்களாகக் காவலர் வேலை பார்க்கிறாள். இதுவரை பதினோரு பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரை சேர்த்திருக்கிறாள். பதினோரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் குளத்துக்கு வருகிறார்கள். ஒருவர் சிரிப்பார், மற்றவர் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதையெல்லாம் அவள் தன் வாயால் சொல்ல மாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், துணிக்கடையில் அளவு எடுக்கிறவள். அளவு பிசகாமல் எழுதத் தெரியும்.

சின்ன வயதிலேயே அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. பள்ளி நீச்சல் போட்டியில் ஆறு பேர் நீந்தினால் ஆறாவதாக வருவாள். ஒருமுறை பாதி வழியில் மல்லாந்து படுத்துவிட்டாள். ஆசிரியர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மேல ரெண்டு பறவை போச்சு சார், பாத்துட்டு வரலாம்னு" என்றாளாம். அப்பா வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் அன்றைக்கும் அவள் கட்சிதான்.

மிதப்பதைத் தனி வகுப்பாக நடத்தலாம் என்று நான்கு வருடங்களுக்கு முன் அவளாகவே நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினாள். செவ்வாய், வியாழன், காலை பதினொரு மணி. நீந்தக் கற்றுத் தருவதில்லை. தண்ணீரில் அசையாமல் படுக்க மட்டும். இதற்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு எட்டு பேர் நிலையாகச் சேர்ந்தார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், கழுத்தும் தோளும் கட்டை மாதிரி இறுகியவர்கள்.

அவர்களில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டுக் கேட்டுக் கடிதமாக அடித்தவர், இருபத்திரண்டு வருடங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு அதைக் கேட்டதும் எழுதிவிடுகிறது. வேலை போகவில்லை, மாறிவிட்டது. அது எழுதியதில் பிழை பார்ப்பது இவர் வேலை. முன்பு நாளுக்கு முப்பது கடிதம், இப்போது இருநூறு.

"அது நிக்காம எழுதுது டீச்சர்" என்றார் முதல் நாள். "அது பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கேன். படுத்தாலும் காது வேலை செய்யுது."

"அப்ப காதைத்தான் முதல்ல தண்ணிக்குள்ள விடணும்" என்றாள் தங்கை. "காது வெளிய இருந்தா நீங்க இன்னும் ஆபீஸ்லதான் இருக்கீங்கன்னு அர்த்தம்."

அதுதான் அவருக்கு முடியவில்லை. தண்ணீர் காதைத் தொட்டதும் தலை வெடுக்கென்று மேலே வந்துவிடும், இடுப்பு மூழ்கிவிடும். ஆறு வாரம் இப்படி. என் தங்கை அவர் பின்தலைக்கடியில் இரண்டு விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பாள். சலிக்க மாட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் குளத்தில் புதிய கேமராக்கள் வந்தன. கூரையில் பன்னிரண்டு, தண்ணீருக்குள் நான்கு. யாராவது மூழ்குவது போலத் தெரிந்தால் கணினி கண்டுபிடித்து ஊதுகுழலை அலற விடும். நிறுவிய பத்தாவது நாள், மதிய வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும் நேரத்தில், ஆழமான மூலையில் ஒரு கல்லூரி மாணவி அடிக்குப் போய்விட்டாள். தங்கை பார்ப்பதற்கு முன் குழல் அலறியது. அவள் குதித்துத் தூக்கினாள். பதினோராவது ஆள் அந்தப் பெண்தான். அன்று வீட்டுக்கு வந்து, "அது எனக்கு முன்னாடி பாத்துடுச்சு அக்கா. நல்லதாப் போச்சு" என்றாள். முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒரு துளி இல்லை. ரெண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆனால் பதினொரு மணி வகுப்பு அந்த இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை. யாராவது பத்து விநாடி அசையாமல் படுத்தால் அலறியது. ஒரு வகுப்பில் பதினான்கு தடவை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நிற்பார்கள். ஒரு வியாழக்கிழமை, டைப்பிஸ்ட் அம்மாவுக்கு முதன்முறையாகக் காது இரண்டும் தண்ணீருக்குள் போய், கால் தானாக மேலே வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. அலறல். திடுக்கிட்டு எழப் பார்த்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார். கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். "எனக்கு இது சரிப்படாது டீச்சர்" என்று போய்விட்டார்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. "கேமராவை ஒரு மணி நேரம் அணைக்கலாம்னா காப்பீட்டுக்காரங்க விட மாட்டாங்கம்மா. இந்த மாசம் முடிஞ்சதும் வகுப்பை நிறுத்திக்குவோம்" என்றார்.

"அணைக்க வேண்டாம் சார். அணைச்சா நானே சண்டைக்கு வருவேன்" என்றாள் தங்கை. "அதுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

கேமரா நிறுவனத்துக்கு அவளே தொலைபேசியில் பேசினாள். நான்காவது முறை ஒரு இன்ஜினியர் பெண் கிடைத்தாள். இருபத்தாறு வயது இருக்கும், இரண்டு நாளில் மடிக்கணினியோடு வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நீந்துகிறவர்களின் படங்களைக் காட்டிப் பழக்கினார்களாம். மூழ்குவது போல் நடிக்க ஆள் வைத்தும் பழக்கினார்களாம்.

"தண்ணில வந்து ஒண்ணுமே செய்யாம ஒருத்தர் இருப்பாருன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தோணல மேடம்" என்றாள். "அதுக்கு ரெண்டு வகை மனுஷங்கதான் தெரியும். நீந்துறவங்க, ஆபத்துல இருக்கிறவங்க."

"மூணாவது வகை நாங்க" என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வகுப்பிலேயே பெரிய வயிறு அவருக்குத்தான், அதனால் முதல் நாளே மிதந்தவர். "நாப்பது வருஷம் சும்மா இருக்கக் கூடாதுன்னு சம்பளம் குடுத்தாங்க. இப்ப சும்மா இருக்கிறதுக்கு மெஷின்கிட்ட அனுமதி வாங்கணும் போல."

மூன்றாவது வகையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் நிறைய மாதிரிப் படங்கள் வேண்டும், யார் எந்த நிமிடம் படுத்தார், எப்போது எழுந்தார் என்று தப்பில்லாத குறிப்பும் வேண்டும் என்றாள் அந்தப் பெண். குறிப்பெடுக்கத் தங்கை என்னைக் கூப்பிட்டாள். கடையில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். வேலை நாள் ஆறிலும் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, குளம் பொதுமக்களுக்குத் திறக்குமுன், ஏழு பேர் விதவிதமாகப் படுத்தார்கள். கை விரித்து, கை கட்டி, ஒட்டி, தள்ளி, தொப்பியோடு, தொப்பி இல்லாமல். டிரைவர் ஒருநாள் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டார். "இதையும் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். "கட்டாயம் எழுதுங்க ஆன்ட்டி, இது தங்கம்" என்றாள் இன்ஜினியர்.

அந்த மூன்றாவது வகைக்குத் திரையில் ஒரு பெயர் போட வேண்டியிருந்தது. அதற்குத்தான் பெரிய வாக்குவாதம். ஓய்வு, தியானம், மிதவை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "தியானம்னு போட்டா எங்க வீட்ல நம்ப மாட்டாங்க" என்றார் டிரைவர். கடைசியில் தங்கை சொன்னதுதான் நின்றது. திரையில் படுத்திருந்த ஒவ்வொருவரையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம், அதன் மேல் ஒரே சொல்: சும்மா.

எட்டாவது ஆள் வராதது தங்கைக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் மாலை டைப்பிஸ்ட் அம்மாவின் அலுவலக வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"நான் வந்தா அது அலறும் டீச்சர். உங்க வகுப்பே போயிடும்."

"அலறினா அலறட்டும். ஏழு பேர மிதக்க வெச்சு வகுப்பைக் காப்பாத்தி நான் என்ன செய்யப் போறேன்? உங்களுக்குத்தானே அந்த வகுப்பு."

அந்த அம்மா பையை ஒரு தோளிலிருந்து மற்ற தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் மேலாளர் முன்னிலையில் சோதனை. பத்து நிமிடம். மிதப்பவர்களைப் பார்த்து ஒருமுறை அலறினாலும் வகுப்பு கிடையாது என்று பேச்சு. பத்து ஐம்பத்தெட்டுக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் மட்டும், "வாங்க, உங்க இடத்துல யாரும் உக்காரல" என்றார்.

பதினொன்றுக்குப் படுத்தார்கள். ஏழு பச்சைக் கட்டங்கள் வந்தன. டைப்பிஸ்ட் அம்மாவின் கட்டம் மட்டும் நிறம் மாறி மாறி மின்னியது. தலை எழும்பும், விழும், எழும்பும். தங்கை இரண்டு விரல்களையும் அவர் தலைக்கடியில் வைத்து நின்றாள். நான் விநாடி குறித்தேன். நான்காவது நிமிடம் இடது காது உள்ளே போனது. ஐந்தரையில் வலது. ஆறாவது நிமிடம் கட்டம் பச்சையாகி அப்படியே நின்றது. தங்கை விரல்களை மெல்ல எடுத்தாள். அலை எழும்பி அவரைக் கலைத்துவிடக் கூடாதென்று மார்பளவு தண்ணீரில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள்.

ஆறு நிமிடம் நாற்பத்தொன்றில் குழல் அலறியது.

மேலாளர் எழுந்தார். என் கையிலிருந்த பென்சில் விழுந்தது. இன்ஜினியர் திரையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எட்டும் பச்சை. சிவப்புக் கட்டம் ஒன்பதாவது ஆளைச் சுற்றி. என் தங்கையைச் சுற்றி.

"நெட்டுக்குத்தா, அசையாம நிக்கிறவங்களைப் பாத்து அது கத்தித்தான் ஆகணும் சார், மூழ்குறவங்க அப்படித்தான் தெரிவாங்க" என்றாள் இன்ஜினியர். "டீச்சர், தயவு செஞ்சு கொஞ்சம் கையை ஆட்டுங்க."

தங்கை இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். குழல் நின்றது. மேலாளர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, "எங்க மிதவைக்காரியையே மூழ்கினவள்னு சொல்லிடுச்சா" என்றார். எழுந்து நின்றிருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். வகுப்புப் பலகையில் அடுத்த மாதத்துக்கும் பதினொரு மணியை அன்றே எழுதிவிட்டார்கள்.

எழாதவர் ஒருவர் இருந்தார். டைப்பிஸ்ட் அம்மா அந்த அலறலிலும், கையாட்டிய அலையிலும், சிரிப்பிலும் அப்படியே கிடந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. பத்து நிமிடம் முடிந்தும் தங்கை எழுப்பவில்லை. பதினேழு நிமிடம் இருபது விநாடி, என் குறிப்பில் இருக்கிறது.

எழுந்து வந்ததும், தண்ணீருக்குள் சத்தம் கேட்கவில்லையா என்று டிரைவர் கேட்டார்.

"நல்லாக் கேட்டுச்சே" என்றார் அந்த அம்மா, தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டே. "எனக்கில்லன்னு நினைச்சேன்."