பாப்பா பையில் இருந்த துப்பாக்கி

என் கணவரின் அண்ணனிடம் லைசென்ஸ் உள்ள கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அரியமங்கலத்தில் லேத் பட்டறை நடத்துபவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று இன்றுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. நானும் கேட்க முடியாது. விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். கல்யாணமான புதிது, வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவள் என்ற பெருமை வேறு. பழைய இரும்பு வாங்க வந்த ஒருவன் பட்டறை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனதை, உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன்.

சட்டைக்குள் மறைத்துத்தான் வைத்திருப்பார். ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர் வரைக்கும் அது தெரியும். எதிரே யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், பெல்ட்டைச் சரிசெய்வார். ஒரு வளைகாப்பில்கூடச் சரிசெய்தார்.

இவ்வளவு பெரிய வீரருக்குச் சனீஸ்வரன் என்றால் நடுக்கம். ஏழரை தொடங்கிவிட்டது என்று ஜோசியர் சொன்னதும் திருநள்ளாறு கிளம்பினார். கணவர் கார் ஓட்ட, பின் சீட்டில் நானும் இரண்டரை வயது மகளும். முன்னால் ஏறும்போது அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாமா, லைசென்ஸ்ல தமிழ்நாடு மட்டும்னுதான் போட்டிருக்கு. திருநள்ளாறு காரைக்கால்ல வருதுங்களே, அது பாண்டிச்சேரி இல்லீங்களா?"

"ஏம்மா, அது என்ன பாகிஸ்தான் பார்டரா? இங்க ஊத்துற சாம்பாரைத்தான் அங்கயும் ஊத்துறான்."

கணவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தெரிந்ததை ஒரு தடவைக்கு மேல் சொன்னால் திமிர் என்று ஆகிவிடும் வீடு அது.

திருநள்ளாற்றில் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுக வேண்டும். துப்பாக்கியோடு முழுக முடியாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, உறையோடு கழற்றி, பால் பாட்டிலும் டயப்பரும் இருந்த பாப்பா பையில் போட்டார். "தோ வந்துட்டேன்" என்று படியிறங்கினார். பின்னாலேயே என் கணவரும் துண்டோடு போனார்.

லைசென்ஸ் இல்லாதவள் அதை வைத்திருப்பதே குற்றம். விதிகளை நான் படித்திருந்தேன். தூக்கிப் போய்க் கொடுத்துவிடலாமா, கூட்டத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே மகள் பிஸ்கட் எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். என் விரல் நான்கும் அவள் கையில் சிவப்பாகப் பதிந்துவிட்டன. அவள் அலறினாள். "குழந்தைகிட்ட போய் இப்படியா?" என்றாள் பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். நான் பையின் வாயை இறுக்கி மூடினேன்.

புது வேட்டியில், தோஷம் கழிந்த முகத்தோடு அவர் வந்தார். பையை நீட்டினேன்.

"இருக்கட்டும்மா. போறப்ப செக் போஸ்ட்ல பாட்டில் இருக்கான்னு பார்ப்பான். பொம்பளைங்க பையைத் தொடமாட்டான்."

அதே நம்பிக்கையில் அவர் வாங்கிய இரண்டு பிராந்தி பாட்டில்களும் அந்தப் பையில், என் துண்டுக்கடியில்தான் வந்தன. சனியை அவர் குளத்தில் விடவில்லை, என் மடியில் விட்டிருந்தார்.

செக் போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் ஸ்டாப். பாப்பாவுக்கு ஒன்றுக்கு வருகிறது என்று காரை நிறுத்தச் சொன்னேன். பர்ஸையும் பால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மகளோடு இறங்கி, பையை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தேன்.

"நீங்க போங்க மாமா. நாங்க பஸ்ல வரோம்."

"என்ன விளையாட்டு இது? ஏறு" என்றார் கணவர்.

"லைசென்ஸ்ல உங்க அண்ணன் போட்டோதாங்க ஒட்டியிருக்கு. என்னுது இல்லை."

கார் இரண்டு நிமிடம் நின்றது, பிறகு போய்விட்டது. கணவர் இறங்குவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

செக் போஸ்டில் எங்கள் பஸ்ஸில் ஒரு பெண் போலீஸ் ஏறினார். ஆண்களை விட்டுவிட்டு, பெண்களின் பைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். என் கையில் பால் பாட்டில்தான் இருந்தது. பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினார்.

காரை யாரும் நிறுத்தவில்லையாம். நாங்கள் பஸ் மாறி மாறி வீடு சேர்ந்தபோது, தான் சொன்னது எப்படிச் சரியாகப் போனது என்று அவர் என் மாமியாரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டும் சரியாகிக்கொண்டிருந்தது. ஏன் பஸ்ஸில் வந்தாய் என்று மாமியார் கேட்டதற்கு, காரில் பாப்பாவுக்கு வாந்தி வருகிறது என்று பொய் சொன்னேன். அவரைவிட என்மேல்தான் அப்போது எனக்கு அருவருப்பு அதிகம்.

போன மாதம் ஒரு விண்ணப்பத்தோடு வந்தார். இந்தியா முழுக்கச் செல்லும்படி லைசென்ஸை மாற்றவேண்டுமாம். காரணம் எழுதும் இடத்தை விரலால் காட்டி, "நீதாம்மா நல்லா எழுதுவ" என்றார்.

பாப்பா தூங்கட்டும், எழுதுகிறேன் என்றேன். மூன்று வாரமாகிறது. பாப்பா இன்னும் தூங்கவில்லை.