தாடி இல்லாத போட்டோ

திருச்சியில் இருபது வருடமாக மயக்க மருத்துவர் நான். திருவெள்ளறையிலிருந்து ஆபரேஷனுக்கு வந்த விவசாயியின் வாயை மட்டும் பார்த்துவிட்டு, மூச்சுக்கான குழாய் தொண்டைக்குள் சுலபமாகப் போகும் என்று எழுதிவிட்டேன். அவர் குலசாமிக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்திருந்தார்.

புதிதாகச் சேர்ந்த ஜூனியர் டாக்டர் மலர்விழி அவர் மனைவியிடம், "தாடி இல்லாத போட்டோ இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"கல்யாண போட்டோ இருக்குங்க."

போட்டோவில், இப்போது தாடி மறைத்திருந்த தாடை சிறுத்து, உள்ளடங்கி இருந்தது.

"குழாய் போடறது கஷ்டம் சார். கேமரா கருவி வச்சுக்கலாம்," என்றாள், நர்ஸ்கள் முன்னால். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் தியேட்டரில், கருவி இல்லாமலே குழாய் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. அவளுடைய கேமராதான் வழி காட்டியது, அவர் பிழைத்தார்.

கேட்பவர்களுக்கு அது நல்ல வேண்டுதலாகத்தான் தெரியும். நான் வேண்டியது அவருக்காக இல்லை, அவள் தோற்க வேண்டும் என்பதற்காக.