மூன்றாவது லைன் மகாராணி

எங்கள் பனியன் கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு ஒரு மகாராணி இருந்தாள். பட்டம் சூட்டியது கட்டிங் பிரிவு ஆண்கள், கேலிக்காகத்தான். ஆனால் அவளுக்கு அது பொருந்திவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். பிசிறு நூல் வெட்டச் சேர்ந்து, டெய்லராகி, எட்டே வருடத்தில் லைன் சூப்பர்வைசர் ஆனாள். அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் எந்தப் பெண்ணும் அந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை. முப்பது மெஷின்களில் எது ஓய்ந்தாலும் திரும்பிப் பார்க்காமலேயே, "என்னட்டி, நூலு அறுந்து போச்சா?" என்பாள்.

அவள் லைன் முடிகிற இடத்தில் என் செக்கிங் டேபிள். தைத்து வருகிற பீஸில் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் பார்ப்பது என் வேலை. எனக்கு வாய் நீளம், அவளுக்கு அதைவிட நீளம். அதனாலேயே ஒத்துப்போயிற்று.

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். கழுத்தில் சிலுவை, தலையில் மல்லிகை, இரண்டும் இருக்கும். கிறிஸ்துமசுக்கு எல்லா லைனுக்கும் கேக் கொண்டுவருவாள். ஆயுத பூஜையில் பொரி கடலையை முந்தானையில் வாங்கிக்கொள்வாள். "எங்க லைனு மெஷினுக்கும் பொட்டு வைங்கப்பா, அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அவளே கூப்பிடுவாள். பூ வைக்காத, நகை போடாத ஜெபக் கூட்டத்துப் பெண்கள் சிலர் எங்களோடு வேலை செய்தார்கள். படையல் பொரியைத் தின்கிறாளே என்று அவர்களுக்கு அவள்மேல் மனத்தாங்கல். அவள் கண்டுகொண்டதே இல்லை.

அந்த வருடம் கம்பெனிக்குப் பின்தெருவில், முருகன் கோயிலுக்கு எதிரே, தகரம் வேய்ந்த ஜெப வீடு ஒன்று எழும்பியது. இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர். தெருச் சண்டை கம்பெனிக்குள்ளும் வந்தது. ஒன்றாகச் சோறு தின்றவர்கள் இரண்டு வட்டமாக உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் கட்டிங்கில் மாஸ்டர். பழனி பாதயாத்திரைக் குழுவில் முன்னால் நடக்கிறவர். இந்தச் சண்டையிலும் அவர்தான் முன்னால் நின்றார்.

எப்போதும் மெஷின் தலையின் பின்பக்கம்தான் பொட்டு வைப்பார்கள். அந்த ஆயுத பூஜைக்கு அவரும் அவர் ஆட்களும் ஊசிக்கு நேர் மேலேயே, பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு, சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். யார் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்த பொட்டு அது. அதில் பக்தி கொஞ்சம்தான்.

லீவு முடிந்து வந்த காலை, லைனில் ஓடியது கைக்குழந்தைச் சட்டை. பால் வெள்ளை. பத்து மணிக்குள் மெஷின் சூடாகி, எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து இறங்கத் தொடங்கியது. முதல் கறையை, அதற்குள் பட்டிருந்த ஒரே கறையை, பார்த்தது நான். கழுத்துப் பட்டியில் மிளகளவு சிவப்பு. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஏனுங்க்கா, இதப் பாருங்க."

வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். "ஏட்டி, எல்லாரும் மெஷின நிறுத்துங்க" என்று கத்தினாள். வேஸ்ட் துணியை எடுத்து முப்பது மெஷினையும் அவளே துடைத்தாள். வேறு ஒருத்தியைக்கூடத் துடைக்க விடவில்லை. வம்பு வந்தால் தன்னோடு போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மதியத்துக்குள் கம்பெனி இரண்டுபட்டது. சாமிப் பொட்டை அழித்துவிட்டாள் என்று கட்டிங்கில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது. அதுவரை அவளைச் சேர்க்காத ஜெபக் கூட்டத்துப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "விசுவாசத்துக்காக நின்னுட்டீங்க சிஸ்டர்" என்று ஒருத்தி அழுதே விட்டாள். "கறை ஆவுதுன்னுதான் தொடச்சேன், போய் சோலியப் பாருங்க" என்று அவள் எரிந்து விழுந்தாள். யார் காதில் விழுந்தது? இவர்களுக்கு ஒரு வீராங்கனை வேண்டியிருந்தது, அவர்களுக்கு ஒரு துரோகி வேண்டியிருந்தது.

சோற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "முதலாளி கூப்புட்டு விசாரிப்பாரு. நீ ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிப்போடு. நாளைக்கு நம்ம சனத்து மூஞ்சில நான் முழிக்கோணும்." நேரே டேபிளுக்கு வந்தேன். கறை பட்ட சட்டையை வேஸ்ட் மூட்டைக்குள் கை முழங்கை வரை விட்டு அடியில் திணித்தேன். யாரும் என்னைத் திணிக்கச் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் ஷிப்மெண்ட் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. "ஏனம்மா தொடைச்சீங்க?" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார்.

"வெள்ளைத் துணிய்யா, கறை எறங்குது. செக்கிங்ல கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள், நான் சொல்லிவிடுவேன் என்ற நிம்மதியோடு பார்த்தாள். அந்தப் பார்வைதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

"நான் எதும் பாக்கலீங்க" என்றேன்.

அவளுக்கு எவ்வளவு பெரிய வாய், அது மூடிக்கொண்டது. மறுநாள் அவளைப் பிசிறு வெட்டும் பாய்க்கு மாற்றினார்கள், சேர்ந்த நாளில் எங்கே உட்கார்ந்தாளோ அதே இடத்துக்கு. மூன்று நாள் தலை நிமிராமல் வெட்டினாள். பூ வைத்துக்கொண்டு வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், கத்திரியை ஒப்படைத்துவிட்டு என் டேபிளுக்கு வந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுட்டி. அந்தச் சட்டையில கறை இருந்துச்சுதானே?"

"இருந்துச்சுங்க்கா."

"அது போதும். எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சோன்னு மூணு நாளா ஒறங்கல" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஊருக்கே திரும்பிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

காலியான ஸ்டூலுக்கு என்னைப் போட்டார்கள். கறை பார்க்கத் தெரிந்தவள், வம்புதும்புக்குப் போகாதவள் என்று முதலாளியே சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளமும் கூடியது, வெட்கமும் கூடியது.

அடுத்த வருட ஆயுத பூஜை முடிந்து வந்த காலையிலும் லைனில் வெள்ளைத் துணிதான். பொட்டு அதே இடத்தில், அதே அகலத்தில். வேஸ்ட் துணியை எடுத்தேன். முதல் மெஷினைத் துடைத்தேன், இரண்டாவதைத் துடைத்தேன். கட்டிங் ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரரும் நின்றார். யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நல்லா அழுத்தித் தொடைங்க்கா, வெள்ளைத் துணி, கறையாயிரும்" என்றான் கட்டிங் ஆட்களில் ஒருவன். முப்பது மெஷினையும் துடைத்து முடித்தேன்.